மாமாவுக்குத் தள்ளுபடி

ஒரு தெருவையே சந்தோஷத்தில் குதிக்க வைத்த பெருமை எனக்கு உண்டு. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்தச் சந்தோஷம் பொழுது சாயும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அதன்பிறகு அதே தெரு என்னைக் கொல்வதற்குத் தேடியது. அல்லது தேடியதாக நான் நினைத்துக்கொண்டேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிவதற்குள் நான் படக்கூடாத பாடெல்லாம் பட்டுவிட்டேன்.

நாங்கள் பனியன் நகரத்தின் ஓரத்தில், மண்ணரையில் இருந்தோம். வீட்டின் முன்பாதியில் அப்பாவின் பனியன் மெஷின்கள், பின்பாதியில் நாங்கள். வீட்டில் யார் யார் குடியிருக்கிறோம் என்று கேட்டால் மெஷின்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பியான சின்ன மாமாவும் எங்களோடு இருந்தார். தெருமுனைப் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. சிவப்பாக, ஒல்லியாக இருப்பார். மீசை வளராது. அம்மா இதை ஒரு குறையாக நினைத்து வருத்தப்பட்டாள். ஊர் நாடகக் குழுவோ அதை அம்மன் கொடுத்த வரமாக எடுத்துக்கொண்டது. வருஷா வருஷம் நோம்பிக்கு, அதாவது அம்மன் கோயில் திருவிழாவுக்கு, ஒரு ராஜா நாடகம் போடுவார்கள். டீக்கடைக்காரர் ராஜா. மாமா ராணி. ராணி அழுகிற கட்டத்தில் மெஷின் ஓட்டுகிற முரட்டு ஆட்கள்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷ நோம்பியில் ராணி வழக்கம்போல் மேடையில் அழுதுகொண்டிருந்த நேரத்தில், மாமா வேலை பார்த்த கம்பெனிக் குடோனிலிருந்து நூல் மூட்டைகள் காணாமல் போயின. குடோன் சாவி மாமாவிடம் இருப்பது வழக்கம். வாட்ச்மேனும், சிவப்பாக ஒல்லியாக ஒரு ஆள் சுவர் ஏறிக் குதித்ததைப் பார்த்ததாகச் சொன்னார். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. ஊரே பார்க்க மேடையில் நின்ற ஆள் எப்படிச் சுவர் ஏறுவார்? சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அங்கேதான் எங்கள் ஊர் நேர்மை எங்களைக் கவிழ்த்தது. கூண்டில் நின்றவரைக் காட்டி, 'இந்த ஆளை நீங்கள் மேடையில் பார்த்தீர்களா?' என்று கேட்டிருக்கிறார்கள். கோர்ட்டில் பொய் சொல்லக்கூடாது என்று அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போன கூட்டம் அது.

"இல்லீங்க சாமி, நாங்க ராணியைத்தானுங்க பார்த்தோம்" என்று முதல் சாட்சி சொன்னார்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போய், "அச்சு அசலாப் பொம்பளையாட்டவே இருந்துச்சுங்க, இவரு மாதிரியே இல்லீங்க" என்று மாமாவின் வேஷப் பொருத்தத்தைப் பாராட்டினார். இதைக் கேட்டு மாமா கூண்டில் நின்றபடியே பெருமையாகச் சிரித்தாராம். ராஜாவைக் கூப்பிட்டு, 'இவர்தான் உங்கள் ராணியா?' என்று கேட்டபோது கோர்ட்டே சிரித்துவிட்டது. டீக்கடைக்காரருக்கு ரோஷம் வந்து பதிலே சொல்லாமல் இறங்கி வந்துவிட்டார்.

ஆறு மாசம் என்று தீர்ப்பானது. மாமாவை ஜாமீனில் எடுத்து, கோயமுத்தூர் பெரிய கோர்ட்டில் அப்பீல் போட்டார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், அதே நேரத்தில் மாமாவுக்கு மங்கலத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா அங்கே பவர்லூம் வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கு மாமாவைப் பிடித்திருந்தது. ஆனால் பெண்ணின் தாய்மாமன் ஊத்துக்குளியில் வெண்ணெய் வியாபாரி. அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "அப்பீல்ல ஜெயிச்சு வரட்டும், என்ற கையாலயே உப்பு சக்கரை மாத்தறேன். ஜெயிலுக்குப் போறவனுக்கு எம்பொறந்தவ புள்ளையக் குடுக்க முடியாதுங்க."

எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. அப்படி யாராவது பின்வாங்கினால் அவர் வீட்டு விசேஷத்துக்கு ஊரில் ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்க்காது.

தீர்ப்பு நாளன்று அப்பாவும் மாமாவும் விடிந்ததும் விடியாததுமாகக் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள். அப்புச்சி, அதாவது மாமாவைப் பெற்றவர், ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சொன்னபடி மங்கலத்துக்காரரும் ஊத்துக்குளிக்காரரும் வந்து சேர்ந்தார்கள். மங்கலத்துக்காரர் மடியில் ஒரு பெரிய சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா காப்பி போட்டாள். யாரும் குடிக்கவில்லை. எனக்கு அன்று காலையிலேயே வயிற்றுவலி வந்து பள்ளிக்கூடம் ரத்தாகியிருந்தது. இந்த மாதிரி நாட்களில் என் வயிறு தவறாமல் வலிக்கும்.

தெருவில் இருந்த ஒரே போன் கம்பெனி ஆபீசில் இருந்தது. வக்கீல் குமாஸ்தா அதில் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. அம்மா என்னை அங்கே போய் நிற்கச் சொன்னாள். போன் அடித்தது. கம்பெனிக் கணக்குப்பிள்ளை எடுத்து, "ஆமாங்க... ஆமாங்க... சரிங்க" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பீல் தள்ளுபடி ஆயிருச்சு கண்ணு. ஊட்டுல போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று நான் முடிவு செய்தேன்.

தள்ளுபடி என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் ஒரே ஒரு அர்த்தம்தான். தீபாவளிக்கு முன்னால் கைத்தறிச் சங்கக் கடை வாசலில் சிவப்பு எழுத்தில் தொங்குமே, அது. தையல் கோணிப்போன பனியன்களைக் குவித்துப்போட்டு விற்கும்போது அட்டையில் எழுதிச் செருகுவார்களே, அது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் நீளமான சொல்லே அதுதான். தள்ளுபடி வந்தால் அம்மாவுக்குச் சேலை வரும், எனக்கு டவுசர் வரும். தள்ளுபடியால் கெட்டுப்போன ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆறு மாசம் என்று விலை சொன்னார்கள், பெரிய கோர்ட்டில் தள்ளுபடி கொடுத்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது.

"மாமாவுக்குத் தள்ளுபடி! எங்க மாமாவுக்குத் தள்ளுபடி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

வழியில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எத்தனைடா தள்ளுபடி? பாதியா?"

வியாபாரக் குடும்பத்துப் பையன் நான், பாதியோடு விடுவேனா? "முழுசாங்க்கா!"

"அடேங்கப்பா! தீபாவளிக்குக்கூட முழுசாக் குடுக்க மாட்டாங்களேடா!"

அவள் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவ்வளவுதான். ஒவ்வொரு வீடாக மெஷின்கள் நின்றன. ஆட்கள் பஞ்சுத் தலையோடு வெளியே வந்தார்கள். யாரோ தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த சரத்தைக் கொளுத்தினார். ராஜா தன் டீக்கடையில், "இன்னிக்கு யாருகிட்டயும் காசு வாங்கறதில்லை, குடிங்கப்பா! என்ற ராணி ஜெயிச்சுட்டா!" என்று முழங்கினார். அவர் மாமாவை மேடைக்கு வெளியே ராணி என்று முதன்முதலாகச் சொன்னது அன்றுதான்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது வெடிச்சத்தம் எனக்கு முன்னாலேயே போயிருந்தது. அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். அப்புச்சி எழுந்து நின்றார்.

"தள்ளுபடிங்கம்மா! தள்ளுபடி!"

"தள்ளுபடி பண்ணிட்டாங்களாமா?" என்று ஊத்துக்குளிக்காரர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். வெண்ணெய் வியாபாரத்திலும் தள்ளுபடிக்கு அதே அர்த்தம்தான்.

மங்கலத்துக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "இங்க வா கண்ணு" என்று என்னை அருகில் இழுத்து நிறுத்தினார். "யாரு சொன்னாங்க? சொன்னதை அப்படியே சொல்லு பார்க்கலாம்."

"கணக்குப்பிள்ளைங்க. அப்பீல் தள்ளுபடி ஆயிருச்சு, ஊட்டுல போய்ச் சொல்லுன்னாருங்க. சொல்லிப்போட்டு மேசைமேல தலையை..."

அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு பெரிய கை நிறைய நாட்டுச் சர்க்கரையை அள்ளி என் வாயில் திணித்துவிட்டார். கண் பிதுங்கிப்போனது.

"நல்ல சேதி சொன்ன வாய்க்கு மொதல்ல இனிப்பு" என்றார். பிறகு துண்டால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க மச்சான், தட்டை எடுக்கச் சொல்லுங்க. நல்ல நேரம் போய்ட்டிருக்குது" என்றார்.

"மாப்பிள்ளை வந்துரட்டுமேங்க" என்றார் அப்புச்சி.

"மாப்பிள்ளைக்கு என்னங்க வேலை இதுல? உப்பும் சக்கரையும் நாம மாத்தறது. கல்யாணத்துக்கு வந்தாப் போதும்."

அந்த வேகத்தில் ஒரு நிச்சயத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அம்மா ஓடிப்போய்த் தட்டையும் உப்பையும் கொண்டுவந்தாள். மங்கலத்துக்காரர் தாமே ஒதுங்கிக்கொண்டு மச்சானை முன்னால் தள்ளினார். ஊத்துக்குளிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பெருமிதத்தோடு அப்புச்சியிடமிருந்து இரண்டு கையாலும் உப்பை வாங்கி, சர்க்கரையைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு வாய் நிறைய சர்க்கரை இருந்ததால் குலவையில் கலந்துகொள்ள முடியவில்லை.

அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது தெருவில் இன்னும் டீ ஓடிக்கொண்டிருந்தது. அவர் தனியாக வந்தார். கையில் மாமாவின் வாட்சும் சீப்பும் இருந்தன. யாரோ அவர் கழுத்தில் மாலை போடப் போனார்கள். அவர் அந்த மாலையைப் பார்த்தார், வெடித்த காகிதங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னங்கடா இது?" என்றார். "அங்கிருந்தே ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க வெடி போடறீங்க?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புச்சி தட்டிலிருந்த சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாதான் முதலில் பேசினாள். "ஊரே பார்த்துச்சு. ரெண்டு கோர்ட்டுக்கு மட்டும் கண்ணு தெரியலையா?"

அதுதான் திரி. அதற்குப் பிறகு தெரு வெடித்தது. அழுத சத்தமும் கோபக் கூச்சலும் ஒன்றாகக் கேட்டன. அதில் ராஜாவின் குரல் எல்லாருக்கும் மேலே நின்றது.

"எவன் சொன்னது? இந்தச் சொல்லைச் சொன்னவன் எவன்? அவனை இங்க கூட்டிட்டு வாங்க! நாலு பேருக்கு மத்தியில நிக்க வெச்சு நான் கேக்கறேன்!"

"சொன்னவனை விடக்கூடாதுங்க!" என்றது கூட்டம்.

அவர்கள் கேட்டது தீர்ப்புச் சொன்ன ஜட்ஜை. ஆனால் அந்தத் தெருவில் அன்று காலையிலிருந்து ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தானே? என் கால்கள் எனக்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டன.

மெஷின் அறைக்குள் போய் ஒளிய இடம் பார்த்தேன். பனியன் துணி மெஷினிலிருந்து குழாய் போல வட்டமாகத்தான் இறங்கும். அப்படி இறங்கிய துணி ஒன்று மூலையில் மடிப்பு மடிப்பாகக் குவிந்து கிடந்தது. அதன் வாயைப் பிரித்துத் தலையை விட்டேன். எலி வளைக்குள் போவதுபோல ஊர்ந்தேன். பயத்தில் தேவைக்கு மேலேயே ஊர்ந்துவிட்டேன். நின்று பார்த்தால் முன்னாலும் துணி, பின்னாலும் துணி. திரும்பலாம் என்று உருண்டதில் அது என்னைச் சுற்றிக்கொண்டது. ஒரு முழுத் துணிச் சுருளையே பனியனாகப் போட்டுக்கொண்ட ஆள் இந்தத் தொழில் நகரத்தில் இன்றுவரை நான் ஒருவன்தான்.

அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் கிடந்தபடி என் வழக்கை நானே நடத்தினேன். மாமாவுக்கு ஆறு மாசம் என்றால் எனக்கு எத்தனை? ஜெயிலில் மூன்றாம் வகுப்பு உண்டா? கணக்கு வாத்தியார் அங்கும் வருவாரா? மாமாவும் நானும் ஒரே அறை என்றால் பரவாயில்லை, அவர் வசனம் சொல்லிக் காட்டுவார். அப்பீல் மட்டும் போடவே கூடாது என்று தீர்மானித்தேன். தள்ளுபடி என்றால் என்னவென்று எனக்கு அப்போதும் சரியாகப் புரியவில்லை. ஆனால் அது இனி எனக்கு வேண்டாம் என்பது மட்டும் நிச்சயமாகப் புரிந்துவிட்டது.

வெளியே ஊத்துக்குளிக்காரர் கத்துவது கேட்டது. "இது செல்லாதுங்க! ஏமாத்திப்போட்டீங்க! உப்பைத் திருப்பி எடுத்துக்குங்க!"

அதற்கு மங்கலத்துக்காரர் நிதானமாகப் பதில் சொன்னார். "வாங்குனது உங்க கைதானுங்க மச்சான். அம்மன் மேல ஆணையாச் சொல்லுங்க, நானா உங்க கையைப் புடிச்சு நீட்டுனேன்?"

"ஜெயிலுக்குப் போனவனுக்கா நம்ம புள்ளைய..."

"அவரு திருடுனாருன்னு நீங்க நம்பறீங்களா?"

மங்கலத்துக்காரரே தொடர்ந்தார்.

"நோம்பிக்கு நீங்களும்தானுங்க வந்திருந்தீங்க. முன்வரிசையில உக்காந்து அழுதீங்க, மச்சான். நான் பார்த்தேன்."

ஊத்துக்குளிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "நல்லாத்தான் நடிச்சான் பயல்" என்றார்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. துணி தும்மியதைக் கண்டு அம்மா அலறினாள். என்னை வெளியே எடுக்க அப்புச்சி கத்தரிக்கோலோடு வந்தார். இவ்வளவு துக்கத்திலும் அப்பா பாய்ந்து வந்து, "துணியை வெட்டாதீங்க மாமா! ஆர்டர் துணி!" என்று தடுத்தார். கடைசியில் மங்கலத்துக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக உருவினார். நான் அவர் காலடியில் வந்து விழுந்தேன்.

"என்னைப் புடிச்சுக் குடுத்துராதீங்க" என்று அழுதேன்.

"உன்னை எதுக்குக் கண்ணு புடிக்கறாங்க?"

"நான்தானுங்க சொன்னேன். உங்க சக்கரையை நீங்க திருப்பி எடுத்துக்குவீங்களா?"

அவர் என் கன்னத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். "நீதான் தின்னுபோட்டியே. தின்னதை எப்படிச் சாமி திருப்பறது?" என்றார்.

மறுநாள் எங்கள் தெருவில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பக்கத்து நல்லூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் டீக்கடைக்காரர் அட்டைக் கிரீடமும் ஜரிகை அங்கியும் மாட்டிக்கொண்டு, மர வாளோடு நடந்தார். சிரித்தவர்களும் பின்னாலேயே நடந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று, "என் ராணியை விடு! இல்லாட்டி என்னையும் உள்ளே போடு!" என்று அவர் மேடைக் குரலில் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற வயதான போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தீர்ப்பு நாங்க சொல்லலைங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நோம்பி பந்தோபஸ்துக்கு நான்தானுங்க நின்னேன். அவரு வேஷம் கட்டிக்கறப்பவே பார்த்தேன். என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடலைங்க" என்றார்.

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் பின்னால் அந்தக் கூட்டமும் சத்தமில்லாமல் நடந்தது. ஊர் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியது. அந்த மனு எங்கோ போனது, எங்கேயோ இருந்தது. மாமா தண்டனை முழுவதையும் அனுபவித்துவிட்டுத்தான் வந்தார். அவர் வந்திறங்கிய அன்று தெரு மறுபடியும் வெடி போட்டது. இந்த முறை ஆளைக் கண்ணால் பார்த்த பிறகு. தை மாசம் கல்யாணம். வெண்ணெய் முழுவதும் ஊத்துக்குளிக்காரர் செலவு. மாமா ஜெயிலில் மீசை வளர்க்க முயன்று தோற்றிருந்தார் என்பதில் நாடகக் குழுவுக்குத் தனி மகிழ்ச்சி.

அந்தக் கல்யாணத்துக்கு நான்தான் காரணம் என்று வெகுகாலம் நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். எல்லா விசேஷங்களிலும் இந்தக் கதையைச் சொல்வேன். எனக்கு வழுக்கை விழுந்து, என் மகனுக்கு உப்பு சர்க்கரை மாற்றிய அன்றும் சொன்னேன். "பாவம், மங்கலத்துக்காரர்! கோர்ட் பாஷை தெரியாமல் என் பேச்சைக் கேட்டு ஏமாந்துபோனார்" என்று முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவுக்கு வாக்கப்பட்டு வந்த அத்தை மட்டும் வெற்றிலையை மடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பனுக்கா தெரியாது?" என்றாள். "கெணத்துப் பங்குக்குக் கேஸ் போட்டுக் கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சவரு. ஏறின எடமெல்லாம் தள்ளுபடி. நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப எங்க ஊட்டுல அந்தச் சொல்லைச் சொன்னாலே சோறு எறங்காது."

கையில் இருந்த சர்க்கரைத் தட்டோடு நான் அப்படியே நின்றேன். சொன்னதை அப்படியே சொல்லு என்று அவர் என்னை அருகில் இழுத்தது நினைவுக்கு வந்தது. மேசைமேல் தலையைக் கவிழ்த்த கணக்குப்பிள்ளையைப் பற்றி நான் வாயெடுத்ததும், மச்சான் காதில் அது விழுவதற்குள் அந்தப் பெரிய கை பொட்டலத்துக்குள் போனதும் நினைவுக்கு வந்தது. பரிசு என்றல்லவா நினைத்திருந்தேன்!

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? மூச்சுத் திணறி, கஷ்டப்பட்டு அந்தச் சர்க்கரையை முழுங்கி முடித்ததும், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அவரிடமே கையை நீட்டினேன். உப்பு இன்னும் கை மாறவில்லை. அவர் ஒரு கணமும் யோசிக்காமல், இன்னொரு கை அள்ளி மறுபடியும் என் வாயிலேயே போட்டார்.